மூன்று சம்பந்திகள்: சென்கோகு ஜப்பானில் எதிரிகள் கூட்டணி வைத்தது எப்படி?

கேள்வி இது: சென்கோகு காலத்து (நாடு துண்டு துண்டாகிப் பிரபுக்கள் ஓயாமல் போரிட்ட காலம்) ஜப்பானியப் பிரபுக்கள் இன்றைக்கு வெட்டிக்கொள்கிறார்கள், நாளைக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவாகிவிடுகிறார்கள், நாலைந்து வருஷத்தில் மறுபடியும் வாளைத் தூக்குகிறார்கள். ஒருவரை ஒருவர் துளிகூட நம்பாதவர்கள் எதற்காகக் கூட்டணி வைத்தார்கள், அதை எது தாங்கிப் பிடித்தது?

சுருக்கமாகக் கேட்டால், நம்பிக்கையைத் தேடாதீர்கள், ஒவ்வொருவர் முகமும் எந்தத் திசையில் இருந்தது என்று பாருங்கள் என்பேன். இரண்டு பேரின் பசியும் வேறு வேறு பக்கம் இருக்கும்வரை கூட்டணி நிற்கும். ஒருவர் கழுத்தைத் திருப்பினார் என்றால் போச்சு. கல்யாணம், சத்தியம், பிணை எல்லாம் அந்தத் திருப்பத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

முதலில் பின்னணி. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோத்தோ நகரம் எரிந்து போனது. நாட்டை ஆண்ட படைத்தலைவரின் ஷோகன் பட்டம் மிச்சம் இருந்தது, அதிகாரம் இல்லை. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு வட்டாரத்திலும் கோட்டையும் படையும் வைத்திருந்தவர்தான் ராஜா. இவர்களைத்தான் டைம்யோ என்கிறோம். ஒரு டைம்யோவிடம் இருந்த படை பெரும்பாலும் நிலம் பெற்ற சின்னச் சின்னத் தலைவர்கள் கூட்டி வரும் ஆட்கள். அதை நாலு எல்லையிலும் ஒரே நேரத்தில் நிறுத்த முடியாது. வாசல் வழியாகப் போருக்குப் போனால் கொல்லைப்புறம் திறந்து கிடக்கும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் வந்துவிடுவான். கூட்டணி என்பது அந்தக் கொல்லைப்புறக் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1554இல் மூன்று வீடுகள் சேர்ந்தது. எல்லோரும் அந்தக் காலத்தின் பிரபலமான டைம்யோ ஓடா நொபுனாகா பக்கம்தான் ஓடுவார்கள், ஆனால் கூட்டணி எப்படிக் கட்டப்பட்டது, எப்படி இடிந்தது என்று கல் கல்லாகப் பார்க்க வேண்டுமானால் இதுதான் வசதி. காய் நாட்டின் (காய்கறிக் காய் இல்லை, இன்றைய யமனாஷி) டகேடா ஷிங்கென், ஒடவாராவிலிருந்து சகாமியை ஆண்ட ஹோஜோ உஜியாசு, சுன்பு நகரத்திலிருந்து சுருகாவை ஆண்ட இமகவா யோஷிமோத்தோ, இந்த மூவர். ஃபூஜி மலையை நடுவில் வைத்துக்கொண்டால் மூன்று நாடுகளும் அதைச் சுற்றி ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடக்கும்.

இவர்கள் பழைய நண்பர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1537இல் ஷிங்கெனின் அக்காவை யோஷிமோத்தோ கல்யாணம் செய்துகொண்டதும் ஹோஜோ வீட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து, சுருகாவின் கிழக்குப் பகுதியில் புகுந்து பிடித்துக்கொண்டது. அந்தத் துண்டு நிலத்துக்காக எட்டு வருஷம் இழுபறி. 1545இல் ஷிங்கென் நடுவில் நின்று பேசி ஹோஜோவைப் பின்வாங்க வைத்தார். ஷிங்கென் ஒன்றும் சமாதானப் புறா இல்லை. அவருக்கு வடக்கே ஷினானோ வேண்டும், அங்கே போக முதுகுப்பக்கம் அமைதியாக இருக்க வேண்டும்.

1554 வாக்கில் மூவரின் கணக்கும் தானாகவே ஒத்துப்போனது. ஷிங்கென் வடக்கே ஷினானோவில் இறங்கி, அதற்கும் வடக்கே எச்சிகோவை ஆண்ட உவேசுகி கென்ஷினோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். உஜியாசு கிழக்கே காந்தோ சமவெளியை விழுங்கப் பார்த்தார், அங்கேயும் குறுக்கே நிற்பவர் கென்ஷின். யோஷிமோத்தோவுக்கு மேற்கே மிகாவா, அதைத் தாண்டி ஓவாரி. முதுகோடு முதுகு ஒட்டி மூன்று பேர் வெளியே பார்த்து நிற்கிறார்கள், அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசி முடித்ததில் பெரிய கை யோஷிமோத்தோவின் ஆலோசகராக இருந்த ஜென் துறவி டைகென் செஸ்ஸாயுடையது என்பார்கள். மூவரும் சென்தொகுஜி என்ற கோயிலில் நேரில் உட்கார்ந்து கைகொடுத்தார்கள் என்று ஒரு பிரபலமான கதை உண்டு, பிற்காலத்தில் கட்டியது. மூன்று டைம்யோக்கள் கோட்டையை விட்டு ஒரே கூரையின் கீழ் வந்து உட்காருவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமே இல்லை. தூதுக்குப் போவதற்கென்றே துறவிகளும், ஒவ்வொரு வீட்டோடும் பேசுவதற்கென்று தனித்தனி ஆட்களும் இருந்தார்கள்.

முடிச்சு போட்டது கல்யாணத்தால். யோஷிமோத்தோவின் மகள் 1552இல் ஷிங்கெனின் மூத்த மகன் யோஷினொபுவுக்கு. ஷிங்கெனின் மகள் 1554இல் உஜியாசுவின் மகன் உஜிமசாவுக்கு. உஜியாசுவின் மகள் அதே வருஷம் யோஷிமோத்தோவின் மகன் உஜிசானேவுக்கு. ஒவ்வொரு வீடும் ஒரு பெண்ணைக் கொடுத்து ஒரு பெண்ணை எடுத்திருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் உபரியும் இல்லை. நம் உறவுமுறையில் பார்த்தால் இன்னும் சுவாரசியம். யோஷினொபு கட்டியது அப்பாவின் அக்கா மகளை, அதாவது அத்தை மகளை. உஜியாசுவின் மனைவி யோஷிமோத்தோவின் சகோதரி என்பதால் உஜிசானேவுக்கும் பெண் வந்தது அத்தை வீட்டிலிருந்துதான். ஒருவருக்கொருவர் சம்பந்தி, மைத்துனன், மாமன் என்று சுற்றிச் சுற்றி உறவு.

ஷிங்கெனின் மகளுக்கு அப்போது பதினோரு வயதுதான். குளிர்காலத்தில் பெரிய பரிவாரத்தோடு காய் நாட்டை விட்டுக் கிளம்பி எல்லையூரான உஎனோஹரா வந்ததும் ஹோஜோ ஆட்கள் பெண்ணை ஏற்று அழைத்துப்போனார்கள். அந்த ஊர்வலம் ஒருவிதத்தில் படை பலத்தைக் காட்டுகிற அணிவகுப்பும்கூட, எங்களுக்கு இத்தனை ஆள் இருக்கிறது பார் என்று சம்பந்திக்குச் சொல்வது. இப்படிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண் வெறும் மருமகள் என்று நினைக்க வேண்டாம். பிறந்த வீட்டின் தூதுவர் மாதிரி, பிணையும் மாதிரி. கூடவே வந்த ஆட்கள் வழியாகச் செய்தி போய்வரும், சண்டை வந்தால் கழுத்தும் அவளுடையதுதான்.

கல்யாணத்துக்கு மேல் சத்தியம். கிஷோமோன் என்று ஒரு பத்திரம். குமானோ கோயிலில் காக்கைகளையே எழுத்தாக அடுக்கி அச்சிட்டுத் தரும் காப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார்கள். முதலில் என்னென்ன செய்வேன், செய்யமாட்டேன் என்ற உறுதிகள், அப்புறம் மீறினால் யார் யார் தண்டிக்கட்டும் என்று தெய்வங்களின் பெயர் வரிசை. அந்த வரிசை பெரும்பாலும் போன்தென், தைஷாகுதென் என்று தொடங்கும். பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த நம் பிரம்மாவும் இந்திரனும்தான் இவர்கள். ஆக, ஜப்பானியப் பிரபு ஒருவர் பக்கத்து நாட்டுக்காரனிடம் சத்தியம் செய்தபோது முதல் சாட்சி பிரம்மா! விரலைக் கீறி ரத்தத்தை வைத்து முத்திரை போடுவதும் உண்டு. சத்தியத்தை மீறினால் குமானோவில் ஒரு காக்கை செத்துவிழும், மீறியவன் ரத்தம் கக்கி நரகத்துக்குப் போவான் என்பது நம்பிக்கை. மீறியவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் குமானோவில் ஒரு காக்கைகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

கிண்டல் செய்தாலும், இந்தக் கூட்டணி பதினான்கு வருஷம் வேலை செய்தது. 1561இல் கென்ஷின் பெரும்படையோடு ஒடவாராக் கோட்டையையே முற்றுகையிட்டபோது இமகவா வீடு ஆள் அனுப்பியது, ஷிங்கென் வடக்கு ஷினானோவில் நெருக்கிக் கென்ஷினுக்குத் தலைவலி கொடுத்தார். அந்தக் காலத்துக்குப் பதினான்கு வருஷம் நீண்ட ஆயுள்.

இடிய ஆரம்பித்தது 1560இல். யோஷிமோத்தோ பெரும்படையோடு ஓவாரிக்குள் போனவர், ஒகேஹசாமாவில் ஓடா நொபுனாகாவின் சின்னப் படையிடம் தலையைப் பறிகொடுத்தார். எல்லாப் பொறுப்பும் மகன் உஜிசானே தலையில் விழுந்தது. மேற்கே மிகாவா கையைவிட்டு நழுவியது. ஷிங்கெனின் கழுத்து மெல்லத் தெற்கே திரும்பத் தொடங்கியது. வடக்கே கென்ஷினோடு வருஷக்கணக்கில் முட்டி மோதி எல்லை நகரவில்லை. தெற்கே கடலும் துறைமுகமும் உள்ள சுருகா, பலவீனமான கையில். காய் நாட்டுக்குக் கடலே கிடையாது.

இதற்கு அவர் கொடுத்த விலை சொந்த மகன். 1565இல் ஷிங்கென் தன் இன்னொரு மகன் கட்சுயோரிக்கு நொபுனாகாவின் வளர்ப்பு மகளைக் கட்டிவைத்தார். மூத்தவன் யோஷினொபுவின் மாமனாரைக் கொன்றவன் வீட்டில் பெண் எடுக்கிறார் அப்பா. அதே வருஷம் அப்பாவுக்கு எதிரான சதி என்று யோஷினொபுவைப் பிடித்துத் தோகோஜி கோயிலில் அடைத்தார்கள், அவருடைய குருவாக இருந்த ஒபு தொராமசா உயிரைவிட வேண்டியிருந்தது. 1567இல் யோஷினொபு அடைபட்ட இடத்திலேயே இறந்தார். தற்கொலையா நோயா என்று வாதம் இருக்கிறது. விதவையான அத்தை மகளைச் சுருகாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். முதல் முடிச்சு அவிழ்ந்தது. அப்போதே மூன்று வீட்டுக்கும் விஷயம் புரிந்திருக்கும், பத்திரம் மட்டும்தான் பாக்கி.

உஜிசானே பதிலுக்கு உப்பை நிறுத்தினார். கடல் இல்லாத நாட்டுக்கு உப்பு வராவிட்டால் சோயா விழுதும் ஊறுகாயும் இல்லை, அதாவது குளிர்காலச் சாப்பாடே இல்லை. எதிரியான கென்ஷின் வடக்கிலிருந்து ஷிங்கெனுக்கு உப்பு அனுப்பி உதவினார் என்று ஒரு கதை, ஜப்பானிய மொழியில் "எதிரிக்கு உப்பு அனுப்புவது" என்று பழமொழியாகவே ஆகிவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நமக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போகும். ஆனால் கென்ஷின் பரிசாக உப்பு அனுப்பியதற்கு அந்தக் காலச் சான்று இல்லை, தன் நாட்டு வியாபாரிகள் வழக்கம்போல விற்பதை அவர் தடுக்கவில்லை என்பதுதான் நியாயமாகச் சொல்லக்கூடியது.

1568 குளிர்காலத்தில் ஷிங்கென் சுருகாவுக்குள் இறங்கினார். மேற்கேயிருந்து மிகாவாவின் டைம்யோ டோகுகவா இயேயாசு, ஷிங்கெனோடு பேசிவைத்துக்கொண்டு, இமகவாவின் இன்னொரு நாடான தோத்தோமிக்குள் வந்தார். சுன்பு அப்படியே சரிந்தது. உஜிசானே மேற்கே ககெகவாக் கோட்டைக்கு ஓடினார். அவர் மனைவி, உஜியாசுவின் மகள், ஏறிப்போக ஒரு பல்லக்குகூடக் கிடைக்காமல் கால்நடையாக ஓட வேண்டியிருந்தது. இதை உஜியாசுவே கடிதத்தில் குமுறியிருக்கிறார். நாடு போனதைவிட மகள் நடந்ததுதான் அந்த மனிதரைச் சுட்டது என்று கடிதத்தைப் பார்த்தால் தோன்றும். அரசியல் கணக்கும் இருந்தது, சுருகா ஷிங்கென் கைக்குப் போனால் அடுத்தது தன் கதவுதான். இருந்தாலும் அந்தப் பல்லக்கு விஷயத்தை நான் வெறும் சாக்கு என்று தள்ளமாட்டேன்.

உஜியாசு அடுத்துச் செய்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட கென்ஷினிடமே கூட்டணிக்குத் தூது அனுப்பினார். பேரம் மாசக்கணக்கில் நடந்தது. காந்தோவின் பெரிய பதவியான கான்ரேய் பட்டம் கென்ஷினுக்குத்தான் என்று ஹோஜோ ஒப்புக்கொள்ள வேண்டும், எந்தக் கோட்டை யாருக்கு, பிணை யார்? முதலில் உஜிமசாவின் சின்ன மகனைக் கேட்டார்கள். குழந்தையைப் பிரிய மனம் வராமல் உஜிமசா இழுத்தடித்து, கடைசியில் தன் தம்பி சபுரோவை 1570இல் அனுப்பிவைத்தார்கள். கென்ஷின் அந்தப் பையனைப் பிணையாக அடைத்துவைக்கவில்லை. தத்து எடுத்து, தன் உறவுப் பெண்ணைக் கட்டிவைத்து, தான் முன்பு வைத்திருந்த ககெதொரா என்ற பெயரையே கொடுத்தார்.

கூட்டணி என்னவோ சொதப்பல். 1569இல் ஷிங்கென் ஒடவாரா வரை வந்து ஊரை எரித்துவிட்டுப் போனபோது கென்ஷின் வேறு பக்கம் வேலையாக இருந்தார். அவர் முகம் அந்தத் திசையில் இல்லையே. 1571இல் உஜியாசு இறந்ததும் உஜிமசா கென்ஷினை விட்டுவிட்டு, அப்பாவை அவ்வளவு நோகடித்த ஷிங்கெனோடேயே மறுபடி சேர்ந்தார். ககெதொராவை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, கென்ஷினும் அனுப்பவில்லை. 1578இல் கென்ஷின் இறந்ததும் இவருக்கும் இன்னொரு தத்துப்பிள்ளை ககெகட்சுவுக்கும் வாரிசுப் போர். அண்ணன் உஜிமசா, ஷிங்கெனுக்குப் பிறகு டகேடா வீட்டுத் தலைவராகி, தன் தங்கையைக் கட்டியிருந்த கட்சுயோரியை உதவிக்கு அனுப்பினார். போன கட்சுயோரி பொன்னும் நிலமும் வாங்கிக்கொண்டு ககெகட்சுவோடு சமாதானம் பேசி, தன் தங்கையையும் அவருக்குக் கட்டிக்கொடுத்தார். ககெதொரா 1579இல் செத்தார், சமாதானம் பேசுவதற்காக அனுப்பப்பட்ட அவருடைய சின்ன மகனை வழியிலேயே கொன்றுவிட்டார்கள். ஹோஜோ உடனே டகேடாவை உதறிவிட்டு இயேயாசுவோடும் நொபுனாகாவோடும் சேர, மூன்று வருஷத்தில் டகேடா வீடே இல்லாமல் போனது. மலையடிவாரத்தில் கட்சுயோரி சாகும்போது அவருடைய ஹோஜோ மனைவி பிறந்த வீட்டுக்குப் போகாமல் கூடவே செத்தாள். பத்தொன்பது வயது.

சரி, எல்லாமே இப்படித்தானா என்றால், நிலைத்ததும் ஒன்று உண்டு. இயேயாசு சின்னப் பையனாக ஓடா வீட்டில் பிணையாக இருந்து, 1549இல் ஓடா வீட்டுப் பிள்ளை ஒருவருக்குப் பதிலாக மாற்றப்பட்டு, இமகவா வீட்டில் வளர்ந்தவர். யோஷிமோத்தோ செத்ததும் பிறந்த மண்ணுக்குத் திரும்பி, 1562இல் நொபுனாகாவோடு கூட்டு வைத்தார். அந்தச் சமயத்தில் அவர் மனைவியும் குழந்தைகளும் இன்னும் சுன்புவில் இமகவா கையில். இயேயாசு ஒரு இமகவாக் கோட்டையைப் பிடித்து, கோட்டைத் தலைவனின் இரண்டு மகன்களைச் சிறையெடுத்து, அவர்களைக் கொடுத்துத் தன் குடும்பத்தை மீட்டார். இந்தக் கூட்டணி 1582இல் நொபுனாகா சாகும்வரை இருபது வருஷம் நின்றது. நொபுனாகா மேற்கே கியோத்தோவைப் பார்த்தார், இயேயாசு கிழக்கே பார்த்தார், நடுவில் சண்டைபோட ஒன்றும் இல்லை. நாள் போகப்போக இயேயாசு சமமான கூட்டாளி என்ற நிலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தார் என்பதும் ஒரு காரணம், யார் பெரியவர் என்ற கேள்வியே எழவில்லை. அதற்கும் விலை இருந்தது. 1579இல் அதே மனைவி கொல்லப்பட்டார், மூத்த மகன் நொபுயாசு வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நொபுயாசு நொபுனாகாவின் மருமகன். நொபுனாகா கட்டளையா, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே வீட்டுக்குள் வெடித்ததா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை.

இதற்கு நேர் எதிர், நொபுனாகா தன் தங்கை ஓஇச்சியைக் கட்டிக்கொடுத்த அசாய் நாகமசா. 1570இல் நொபுனாகா எச்சிசெனின் அசகுரா மேல் படையெடுத்தபோது நாகமசா அசகுரா பக்கம் போய் மச்சானின் பின்வழியை அடைத்தார். இரண்டு பக்கமும் முடிந்த சிவப்புப் பயறு மூட்டையை அனுப்பி, நீ இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டாய் என்று தங்கை அண்ணனை எச்சரித்ததாகக் கதை. நல்ல கதை, பின்னாளில் கட்டியது. 1573இல் நாகமசா அழிந்தார். மூன்று பெண் குழந்தைகளோடு ஓஇச்சி பிறந்த வீடு திரும்பினார்.

கட்சுயோரியின் தங்கை மட்சுஹிமேயையும் சொல்லாமல் விட முடியாது. 1567இல், குழந்தையாக இருக்கும்போதே, நொபுனாகாவின் மகன் நொபுததாவுக்கு நிச்சயம் செய்தார்கள். 1572இல் இரண்டு வீடும் மோதிக்கொண்டதும் நிச்சயம் முறிந்தது. 1582இல் டகேடா வீட்டை அழிக்க வந்த படைக்குத் தலைமை தாங்கியவர் அதே நொபுததா. மூன்று மாசம் கழித்து அவரும் கியோத்தோவில் அப்பாவோடு ஒரே நாளில் செத்தார். மட்சுஹிமே மலை தாண்டி ஹச்சியோஜிக்குத் தப்பிப்போய்த் துறவியானார், கல்யாணமே செய்துகொள்ளாமல் 1616வரை இருந்தார்.

கடைசியில் இந்த ஆட்டத்தின் சூட்சுமம் தெரிந்தவர்களே இதைத் தடைசெய்தார்கள். டைம்யோக்கள் அனுமதி இல்லாமல் தங்களுக்குள் சம்பந்தம் செய்யக் கூடாது என்று 1595இல், நொபுனாகாவுக்குப் பிறகு ஜப்பானை ஒன்றாக்கிய டொயோடோமி ஹிதேயோஷி தரப்பிலிருந்து ஆணை வந்தது. ஹிதேயோஷி செத்ததும் அதை முதலில் மீறியவர் இயேயாசு. அவர் ஜெயித்து ஷோகன் ஆட்சியை நிறுவிய பிறகு 1615இல் வந்த சட்டத்தில் அதே தடையைத் திரும்பப் போட்டார்கள்.

அந்த 1554 கல்யாணங்களில் மூன்றாவது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பல்லக்கு இல்லாமல் நடந்த பெண்ணும் உஜிசானேவும் ஏறக்குறைய அஞ்சு மாச முற்றுகைக்குப் பிறகு கோட்டையை இயேயாசுவிடம் விட்டுவிட்டுப் பெண் வீட்டுக்குப் போனார்கள். ஒடவாராவில் ஹயகவா என்ற இடத்தில் இருந்ததால் அவருக்கு ஹயகவா-தோனோ என்றே பெயர் நின்றது. அண்ணன் உஜிமசா மறுபடி ஷிங்கெனோடு சேர்ந்ததும் அங்கேயும் இருக்க முடியவில்லை. கிளம்பிப் போனது யாரிடம் தெரியுமா, தங்கள் நாட்டில் பாதியைப் பிடுங்கிய இயேயாசுவிடம். 1575இல் உஜிசானே கியோத்தோவில் அப்பாவைக் கொன்ற நொபுனாகாவின் முன்னால், அவர் கேட்டுக்கொண்டபடி, பந்து உதைத்து விளையாடிக் காட்டினார். அரசவைப் பந்தாட்டத்தில் அவர் கெட்டிக்காரர். மானம் இல்லாதவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்று மாப்பிள்ளைகளில் யோஷினொபு அடைபட்டே செத்தார். உஜிமசா 1590இல் ஒடவாரா விழுந்ததும் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். உஜிசானே மட்டும் மனைவியோடு கிழவராகி எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) குடிபோனார். அவள் 1613இல் இறந்தாள், அவர் 1615 தொடக்கத்தில். பேரன் ஷோகன் ஆட்சியில் கோகே என்ற பதவிக்கு வந்து, கியோத்தோ அரசவைக்குத் தூது போய்வரும் வேலை பார்த்தார்.